98 நாளும் 19 மணி நேரமும்

முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லி தெறித்துக் காரின் முன்கண்ணாடியில் படுகிறது. இறங்கிப் பார்த்தால் சின்ன வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து கிளம்பும் இரண்டு மூன்று மெல்லிய கால்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு "ஸ்டார் விழுந்திருக்கு, பார்த்துக்கலாம் சார்" என்கிறார். ஒரு வாரம் அதன்மேலேயே கண் போகிறது, பிறகு பழகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் போனபின் ஒரு நாள் காலையில், நிறுத்திய இடத்திலேயே நின்ற காரின் கண்ணாடியில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு ஓடியிருக்கிறது. இரவில் கல் படவில்லை, யாரும் கை வைக்கவில்லை. இத்தனை நாள் சும்மா இருந்த புள்ளி நேற்று மட்டும் ஏன் ஓடியது? கார் வைத்திருப்பவர்கள் பலரும் கேட்டுப் பார்த்து, பதில் கிடைக்காமல் விட்ட கேள்வி இது. கூடவே இன்னொன்றும் வரும்: சரி, மாற்றித்தான் ஆகவேண்டும், அளவு பொருந்துகிற ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டினால் போதாதா?

முதல் கேள்வி இயற்பியலைச் சேர்ந்தது, இரண்டாவது பணத்தையும் பட்டறையையும் சேர்ந்தது என்று தோன்றும். ஆனால் முதல் கேள்வியின் பதிலை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் இரண்டாவதன் பதிலில் பாதி அதற்குள்ளேயே கிடைத்துவிடும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். தவறான கண்ணாடி பெரும்பாலும் அவசரத்தில் மாட்டப்படுகிறது. அந்த அவசரமோ, விரிசல் சும்மா இருப்பதாக நம்பிய மாதங்களில்தான் விளைகிறது.

ஏன் சிப்பிகாட்

இந்தக் கேள்விகளை எந்த ஊரை வைத்தும் கேட்கலாம். ஆனால் தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 14 கி.மீ. தொலைவில் இருக்கும் சிப்பிகாட்டை வைத்துக் கேட்டால் விஷயம் கூர்மையாகத் தெரியும். அரசு வேளாண் பண்ணைக்குப் பேர்போன ஊர் அது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை வந்து திரும்பிய பிறகும் சிப்பிகாட்டின் தாழ்வான வயல்களிலிருந்து கடல்நீர் வடியவில்லை; நெல் விளைந்த இடங்கள் ஓதம் ஏறி இறங்கும் சதுப்பாகிவிட்டன. இன்று பறவை பார்ப்பவர்கள் தேடி வரும் நீர்ப்பரப்பு அது. சாலையின் ஓரத்திலேயே உப்புநீர், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, ஆண்டில் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் காற்றின் ஈரப்பதம்: கண்ணாடியின் விரிசலுக்கு இதைவிட வசதியான ஊரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இன்னொரு காரணம் போக்குவரத்து. தீவுகளில் கார் கண்ணாடி செய்யும் ஆலை கிடையாது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியே 1,190 கி.மீ.; கப்பல் பயணம் மூன்று நாள் அளவுக்கு நீளும். ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து பிரெஞ்சு நிறுவனமான செயின்ட் கோபேன் கண்ணாடி வார்க்கிறது. ஆகவே சென்னைக்காரருக்குக் கண்ணாடி என்பது ஊரிலேயே விளையும் சரக்கு. சிப்பிகாட்டில் இருப்பவருக்கு அது கடல் தாண்டி வரவேண்டியது. இந்தக் காத்திருப்பு எத்தனை நாள், விரிசல் அதற்குள் எவ்வளவு தூரம் போகும் என்ற இரண்டு எண்களுக்கு இடையிலான ஓட்டம்தான் நம் கதை.

வலுவான பொருளின் பலவீனம்

கண்ணாடியை எளிதில் உடைவது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அணுக்களின் அளவில் பார்த்தால் அது தவறு. மணலின் சிலிக்கா ஏறத்தாழ எழுபது சதவீதமும், மீதி பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும் கலந்து உருக்கியதுதான் நம் ஜன்னல் கண்ணாடியும் கார் கண்ணாடியும். உள்ளே சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கைகோத்து முப்பரிமாண வலையாக நிற்கின்றன. அந்தப் பிணைப்புகளின் பலத்தை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடி எஃகையே விஞ்ச வேண்டும். நடைமுறையில் கிடைக்கும் வலு அதில் நூறில் ஒரு பங்குகூட வருவதில்லை. இந்த இடைவெளி எங்கே போனது என்பதை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற பொறியாளர் 1920-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டு; கண்ணாடியை இழுக்கும் விசை முழுவதும் அந்தக் கீறல்களின் நுனியில் வந்து குவிகிறது என்பது அவர் சொன்னது. மிக மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய வலு ஏறியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை.

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவரின் கை இதை நன்றாக அறியும். முழுத்துணியை இரு கையாலும் இழுத்தால் கிழியாது. ஓரத்தில் கத்தரியால் அரை விரற்கடை வெட்டிவிட்டு இழுத்தால் சர்ரென்று ஓடிவிடும். துணியின் நூல் பலவீனமாகிவிடவில்லை. இழுப்பு முழுவதும் ஒரே நூலின்மேல் விழும்படி செய்துவிட்டார், அவ்வளவுதான். அந்த நூல் அறுந்ததும் அடுத்த நூல். வெட்டு நீளமாக இருந்தால் அதே இழுப்புக்கு நுனியில் விழும் சுமை இன்னும் அதிகம். கண்ணாடியிலும் இதே விதிதான், ஒரு வேறுபாட்டோடு: விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் நுனிச் சுமை இரண்டு மடங்காகும். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு போடும்போது வேண்டியிருக்கும்.

ஆனால் கிரிஃபித்தின் விளக்கம் நம் புதிரைத் தீர்க்கவில்லை; இன்னும் சிக்கலாக்குகிறது. சுமை ஓர் எல்லையைத் தாண்டினால் விரிசல் ஓட வேண்டும், தாண்டாவிட்டால் நிற்க வேண்டும். அப்படியானால் கல் பட்ட நாளில் நின்ற விரிசல் என்றைக்கும் நின்றிருக்க வேண்டும். காலம் எங்கிருந்து உள்ளே வந்தது?

நீர் செய்யும் வேலை

காலத்தைக் கொண்டுவருவது தண்ணீர். கண்ணாடியின் மேல் சுமையை ஏற்றி அப்படியே விட்டுவைத்தால் அது தாங்கும் அளவு நாள்பட நாள்படக் குறைகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனித்திருந்தார்கள். காரணத்தை அளவெடுத்துக் காட்டியவர் அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனத்தில் இருந்த ஷெல்டன் வீடர்ஹார்ன். 1967-இல் வெளிவந்த அவருடைய சோதனையில், விரிசல் விட்ட கண்ணாடித் துண்டுகளை ஒரே அளவாக இழுத்து வைத்து, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை மட்டும் மாற்றினார். ஏறக்குறைய ஈரமே இல்லாத வாயுவில் ஊர்ந்த விரிசல், ஈரம் நிறைந்த வாயுவில் அதே இழுப்புக்கு ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் நகர்ந்தது. இழுவிசை மட்டும் விரிசலை நடத்தவில்லை. நீர் கூடவே வேலை செய்தது.

எப்படிச் செய்கிறது என்பதற்கான அணுநிலைப் படத்தை 1982-இல் மைக்கால்ஸ்கி, ஃப்ரைமன் என்ற இருவர் வரைந்தனர். விரிசலின் நுனியில் சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பு ஏற்கெனவே இழுபட்டு வளைந்து நிற்கிறது. ஒரு நீர் மூலக்கூறு அந்த இடுக்கில் நுழைகிறது. நீரின் ஒரு பாதி ஒரு சிலிக்கானோடும் மறுபாதி இன்னொரு பக்கத்தோடும் சேர்ந்துகொள்ள, நடுவில் இருந்த பிணைப்பு விட்டுப்போகிறது. விரிசல் ஓர் அணு தூரம் முன்னே போயிற்று. அடுத்த பிணைப்பு இப்போது நுனியில் நிற்கிறது, அடுத்த நீர் மூலக்கூறு வருகிறது. இழுபடாத பிணைப்பை நீர் அவ்வளவு எளிதில் தொடாது. அதனால்தான் ஜன்னல் கண்ணாடி மழையில் கரைந்து போவதில்லை. இழுப்பும் நீரும் சேர வேண்டும். இதை இனி ஈர அரிப்பு என்று சொல்வோம். கண்ணாடியில் விரிசலின் வாய் மிகக் குறுகலானது என்பதால் காற்றின் ஈரம் அதற்குள் எளிதில் நீராகப் படிந்து தங்கிவிடும். வெளியே துடைத்துக் காய்ந்த கண்ணாடியிலும் விரிசலின் நுனி நனைந்தே இருக்கக்கூடும்.

ஒரு 6 மி.மீ. விரிசலின் கணக்கு

இனி ஒரு விரிசலை எடுத்துக்கொண்டு நாள் நாளாகத் தொடர்ந்து பார்க்கலாம். வேண்டிய தகவல் இரண்டுதான். ஒன்று மேலே சொன்னது: நீளம் நான்கு மடங்கானால் நுனிச் சுமை இரண்டு மடங்கு. இன்னொன்று சோதனைகளிலிருந்து கிடைப்பது: சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியில் நுனிச் சுமை இரண்டு மடங்கானால் விரிசலின் வேகம் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 65,000 மடங்காகிறது. இரண்டைப் பதினாறு முறை பெருக்கினால் வரும் எண் அது. கட்டடக் கண்ணாடியை வடிவமைக்கும் பொறியாளர்களும் இந்தப் பதினாறைத்தான் பயன்படுத்துகிறார்கள். சுமை வெறும் பத்து சதவீதம் கூடினாலே வேகம் நாலரை மடங்கு ஏறும். இவ்வளவு செங்குத்தான உறவு அன்றாட வாழ்க்கையில் நமக்குப் பழக்கமில்லை. நம் ஊகம் தவறிப் போவது இங்கேதான்.

சிப்பிகாட்டில் ஓடும் ஒரு காரின் முன்கண்ணாடியில் கல் பட்டு 6 மி.மீ. நீள விரிசல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரக் காற்றில், கார் உடம்பின் சாதாரண முறுக்கலில், அதன் தொடக்க வேகம் வினாடிக்கு 0.1 நானோமீட்டர் என்போம். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒன்று. ஆகவே நம் விரிசல் வினாடிக்கு ஓர் அணுவின் அகலம்கூட நகரவில்லை. ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் மாத முடிவில் வளர்ச்சி கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியிருக்கும். அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கும் தெரியாது. இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து 8 மி.மீ. ஆக 86 நாள் பிடிக்கும். அடுத்த இரண்டு மில்லிமீட்டருக்கு வேண்டியது ஏறத்தாழ 10 நாள். 10 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ.க்கு இரண்டே நாள். ஆக, விரிசல் தன் நீளத்தை இரண்டு மடங்காக்க எடுத்துக்கொண்ட காலம் 98 நாள். பிறகு? 12 மி.மீ.யிலிருந்து கண்ணாடியின் விளிம்பு வரை ஓடி முடிக்க ஏறத்தாழ 19 மணி நேரம். அதிலும் கண்ணில் படும் ஓட்டமெல்லாம் கடைசிச் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது.

முதல் புதிர் இங்கே அவிழ்கிறது. நேற்று இரவு புதிதாக எதுவும் நடக்கவில்லை. கல் பட்ட நாளிலிருந்து ஒரே வேலை ஓயாமல் நடந்திருக்கிறது. அதன் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத அளவிலும், சிறுபகுதி ஓர் இரவிலும் நடந்தது. "மூன்று மாதமா ஒன்னும் ஆகலையே" என்பதை மக்கள் ஒரு சான்றாகச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கின்படி அது எதிர்ப்பக்கத்துச் சான்று: மூன்று மாதம் முடிந்துவிட்டது என்பதே அதற்குப் பொருள்.

இந்தக் கணக்கை எதிர்த்துச் சொல்ல ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. இழுவிசை எப்போதும் ஒரே அளவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் அப்படி இருப்பதில்லை. சில விரிசல்கள் நின்றே போகின்றன. சுமை போதுமான அளவு குறைந்தால் ஈர அரிப்பும் ஓய்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அசையாத ஸ்டார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மாறும் சுமை நமக்குச் சாதகமாக மட்டும் மாறுவதில்லை. கண்ணாடியின் ஒரு பகுதி விரிய முயன்று பக்கத்துப் பகுதி அதைத் தடுத்தால், ஒவ்வொரு பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்கும் 0.6 மெகாபாஸ்கல் வரை விசை ஏறலாம். நம் 6 மி.மீ. விரிசலை மேற்சொன்ன வேகத்தில் நகர்த்த மொத்தமே 3 மெகாபாஸ்கல் அளவு இழுவிசை போதும். மதிய வெயிலில் நின்று கொதித்த காரில் ஏறி ஏசியை முழு வேகத்தில் திருப்பி, குளிர்காற்றை நேராகக் கண்ணாடியில் அடிக்கவிட்டால், ஐந்து பாகை வேறுபாடு வருவதற்கு அதிக நேரம் ஆகாது. குளிர்ந்த பகுதி சுருங்கப் பார்க்கும், சூடான சுற்றுப்புறம் விடாது. அந்தச் சில நிமிடங்களில் வேகம் பல்லாயிரம் மடங்கு எகிறும். பட்டறைக்காரர்கள் ஸ்டார் விழுந்த கண்ணாடியில் ஏசி காற்றை அடிக்காதே என்று சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல.

பழி முழுவதும் ஈரத்துக்கா

இதைப் படிப்பவர், அப்படியானால் அந்தமானில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று முடிவுகட்டிவிடலாம். அது மிகை. வீடர்ஹார்ன் ஒப்பிட்டது ஏறக்குறைய முழு வறட்சியையும் முழு ஈரத்தையும். நாம் வாழும் எந்த ஊரிலும் காற்று அவ்வளவு வறண்டு போவதில்லை. விரிசலின் வேகம் ஏறத்தாழ ஈரப்பதத்தின் விகிதத்திலேயே கூடிக் குறையும் என்பதால், ஈரப்பதம் 25 சதவீதத்தில் நிற்கும் ஒரு வறண்ட ஊரில் நம் 99 நாள் கதை 300 நாளை ஒட்டி நீளும். மூன்று மடங்கு, அவ்வளவே. வறண்ட ஊரில் விரிசல் ஓடாது என்பதில்லை, இன்னும் நீண்ட காலம் ஏமாற்றும். சிப்பிகாட்டின் ஈரம் வேறு இரண்டு வழிகளில் தொல்லை தருகிறது. அவை கண்ணாடியை மாற்றும்போது தெரியவரும்.

அதற்குமுன், மாற்றாமலே தப்பிக்கும் வழி ஒன்றும் இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கிறது. விரிசல் சிறிதாக இருக்கும்போது, அதன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒளிபட்டால் இறுகும் ஒரு பிசினைச் செலுத்துகிறார்கள். பிசின் இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்வதால் நுனியில் விழும் சுமை குறைகிறது. நீர் வரும் வழியும் அடைபடுகிறது. நுனிச் சுமை சிறிதே குறைந்தாலும் வேகம் பல மடங்கு விழும் என்பதால் இந்தச் சிறு வைத்தியம் அதன் அளவுக்கு மீறிப் பலன் தருகிறது. ஓட்டுநரின் நேர்பார்வையில் இல்லாத, விளிம்பைத் தொடாத, ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் ஸ்டாருக்குத்தான் இது. மழைக்காலத்தில் ஊறிக் கிடந்த, சேறு புகுந்த விரிசலுக்குப் பிசின் ஒழுங்காக இறங்காது. கல் பட்ட அன்றே அதன்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி வைப்பது, வேறொன்றும் செய்ய முடியாதவருக்கும் கைக்கெட்டும் உதவி.

இரண்டு கண்ணாடி, நடுவே ஒரு தாள்

மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், எதை எதால் மாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும். காரின் முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 0.76 மி.மீ. பிளாஸ்டிக் தாளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிச் செய்தது. கடைக்காரர்கள் லேமினேட்டட் என்பார்கள். இங்கே அடுக்குக் கண்ணாடி என்போம். எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர் தன் ஆய்வகத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை, உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் படலத்தால் நொறுங்கியும் சிதறாமல் இருந்ததைக் கண்டு யோசித்தார் என்று சொல்வார்கள். அவர் காப்புரிமை பெற்றது 1909-இல். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்பகுதிக்குப் போன அந்தக் கண்ணாடி, பிறகு கார்களுக்கு வந்தது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி, முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர அளவுகோலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒளி குறைந்தது 70 சதவீதம் ஊடுருவ வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது; கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதை வைத்துத்தான்.

பக்கவாட்டுக் கண்ணாடிகள் வேறு வகை. 600 பாகைக்கு மேல் சூடாக்கி, குளிர்காற்றை வீசிச் சட்டென்று ஆறவைத்த, பதமேற்றிய கண்ணாடி. பட்டறையில் டஃபன்டு என்பார்கள். மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்தில் இருப்பதால் கீறல்களின் வாய் மூடியே கிடக்கும். அடுக்குக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அடி தாங்கும். அப்படியானால் வலுவானதையே முன்னாலும் மாட்டலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. பழைய வண்டிகளில் மாட்டியும் இருந்தார்கள். சிக்கல் அது உடையும் விதத்தில் இருக்கிறது. பதமேற்றிய கண்ணாடியில் ஸ்டார் என்று ஒன்று கிடையாது. முழுதாக இருக்கும், அல்லது ஒரு நொடியில் மொத்தமும் சில்லுச் சில்லாக வெளுத்துவிடும். ஓடும் வண்டியில் சாலையே மறைந்துபோகும். நம் 98 நாள் அவகாசம் என்பதே அடுக்குக் கண்ணாடி தரும் சலுகை. பலவீனமாகத் தெரியும் அந்தச் சிறு விரிசல், உடைப்பு ஓரிடத்தோடு நின்றுவிட்டதற்கான அடையாளம்.

அச்சு ஒன்று, கண்ணாடி பல

அளவு பொருந்தினால் போதாதா என்பவர்களின் வாதத்தில் பழைய அனுபவம் இருக்கிறது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் செருகித்தான் வைத்திருந்தார்கள். வளைவு ஒத்துவந்தால் எந்தக் கண்ணாடியும் உட்காரும். பல ஆண்டு ஓடவும் செய்தது. அந்தக் கார்களில் உடம்பின் பளுவைத் தாங்கும் வேலை கண்ணாடிக்கு இல்லை, அது காற்றையும் மழையையும் மட்டும் தடுத்தது. இன்றைய கார்களில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடம்போடு ஒட்டப்படுகிறது. முறுக்கலைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. 2021 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் முன்பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். ஏறத்தாழ முப்பது மில்லிவினாடியில் விரியும் அந்தப் பை, பல கார்களில் டேஷ்போர்டின் மேற்புறத்திலிருந்து எழும்பி முன்கண்ணாடியில் மோதி, அதன் ஆதரவில்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனால் பையும் வெளியே போகும். அம்பாசடர் தந்த அனுபவம் அம்பாசடருக்குச் செல்லும்.

அடுத்து, ஒரே மாடல் காருக்கு ஒரே வடிவத்தில் பல கண்ணாடிகள் உண்டு. மழை உணரி உள்ள கார் ஒன்று. அதில் கண்ணாடிக்குள் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி வெளிப்பரப்பில் பட்டு முழுவதும் திரும்பி வர வேண்டும். மழைத்துளி படிந்தால் ஒளி வெளியே கசிந்து வைப்பர் ஓடத் தொடங்கும். உணரிக்கான இடம் இல்லாத கண்ணாடியை மாட்டினால் அந்தமான் மழையில் வைப்பர் தன்னிஷ்டத்துக்கு நடக்கும். ஓட்டுநர் முன் வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் கார் இன்னொன்று. அதில் நடுத்தாள் மேலே சற்றுத் தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். இல்லாவிட்டால் இரு பரப்புகளும் தனித்தனியாகப் பிரதிபலித்து எண்கள் இரட்டையாகத் தெரியும். சாலைக் கோட்டைப் பார்க்கும் கேமரா பொருத்திய கார்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. கேமராவின் பார்வை ஒரே ஒரு பாகை விலகினால் 50 மீட்டர் தொலைவில் 87 செ.மீ. தள்ளிப் பார்க்கும், அடுத்த தடத்தில் வரும் வண்டி நம் தடத்தில் இருப்பதாகத் தோன்ற அது போதும். அதனால் கண்ணாடி மாற்றியபின் கேமராவை மறுபடி நேர்செய்ய வேண்டும். பச்சைச் சாயல், இரைச்சலைக் குறைக்கும் தாள் போன்றவை வசதிகள், அவற்றில் விட்டுக்கொடுக்கலாம். முதலில் சொன்னவற்றில் முடியாது.

விலையைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது, அது அவர்களுக்குப் பாதி சாதகமானது. சரியான கண்ணாடி என்றால் கார் நிறுவனத்தின் முத்திரை பொறித்தது என்று பொருளில்லை. அதே கண்ணாடி ஆலை முத்திரையில்லாமலும் விற்கும், மலிவாகவும் கிடைக்கும். மூலையில் பொறித்த சிறிய எழுத்துகளைப் படித்தால் போதும்: ஆலையின் பெயர், அடுக்குக் கண்ணாடி என்பதற்கான குறிப்பு, ஐஎஸ்ஐ முத்திரையோடு 2553 என்ற எண், வெளிநாட்டுக் கண்ணாடியானால் 43ஆர் என்ற ஐ.நா. விதியின் குறியீடு. காப்பீட்டுக் கணக்கிலும் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழிப்பதுபோல் இதில் கழிப்பதில்லை. பலர் இது தெரியாமல் கையிலிருந்து செலவழிக்கிறார்கள். ஆனால் இன்னொரு காரிலிருந்து அறுத்தெடுத்த பழைய கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். பசையை அறுக்கும் கத்தியும் கம்பியும் விளிம்பில் விட்ட நுண்ணிய வெட்டுகளோடுதான் அது வரும். அவை ஒவ்வொன்றும் நம் கணக்கின் முதல் நாளில் நிற்கும் விரிசல்கள்.

பசையும் துருவும்

இப்போது சிப்பிகாட்டின் ஈரம் திரும்ப வருகிறது, முதலில் உதவியாக. கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். மிதமான ஈரத்திலேயே ஒரு நாளில் 3 முதல் 4 மி.மீ. ஆழம் வரை இறுகும் பசை, தீவுக் காற்றில் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். விரிசலை நடத்திய அதே நீர் மூலக்கூறு இங்கே ஒட்டவைக்கும் வேலை செய்கிறது. இருந்தாலும் பசையின் டப்பாவில் எழுதிய நேரம் முடியும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. வெளித்தோல் இறுகியது உள்ளே இறுகியதற்குச் சான்றாகாது.

தொல்லை தருவது ஈரத்தோடு வரும் உப்பு. பழைய கண்ணாடியை எடுத்தபின் தெரியும் தகரச் சட்டத்தில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு பிடித்திருக்கும். பசை துருவின்மேல் நன்றாகவே ஒட்டும். துருதான் தகரத்தில் ஒட்டாது. சுரண்டி, துடைத்து, பிரைமர் பூசிக் காயவிடாமல் ஒட்டினால் எவ்வளவு நல்ல கண்ணாடியும் பயனற்றது. அடுக்குக் கண்ணாடியின் நடுத்தாளும் ஈரத்தை உறிஞ்சும் வகை. விளிம்பில் பசை சரியாக மூடாத இடத்தில் சில ஆண்டுகளில் பால்போல் வெளுத்து, அடுக்கு பிரியத் தொடங்கும். பழைய கார்களின் கண்ணாடி ஓரங்களில் தெரியும் வெண்படலம் அதுதான்.

சுரண்டவும் காயவிடவும் நேரம் வேண்டும்; கோடு முழுக்க ஓடிவிட்ட கண்ணாடியோடு, அடுத்த நாள் வண்டி வேண்டும் என்று வந்து நிற்பவரிடம் அது இருக்காது. பட்டறையில் இருப்பதை, இருக்கும் பரப்பின்மேல் ஒட்டித் தருவார்கள். அதே ஆள் ஸ்டார் 7 மி.மீ. இருந்தபோது வந்திருந்தால், காரின் சேசிஸ் எண்ணைச் சென்னைக்கு அனுப்பி, உணரியும் கேமராவும் எந்த வகை என்று உறுதிசெய்து, கப்பலில் வரவழைக்க அவகாசம் இருந்திருக்கும். கண்ணாடி வந்ததும் பழையதை அறுக்கும் முன்பே பெட்டியைப் பிரித்து மூலை எழுத்துகளைப் படித்து, உணரிக்கான இடத்தையும் கேமராவின் பிடியையும் பழையதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அறுத்தெடுத்த கண்ணாடியைத் திரும்ப மாட்ட முடியாது. அடுத்த கப்பல் வரும்வரை கார் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கும்.